வரைகலைப் பணிக்கு எந்தக் கணினித் திரை? வாங்கும் முன் ஆசிரியரும் மாணவரும் அறிய வேண்டியவை

தேசிய தினச் சுவரொட்டிப் போட்டி, பள்ளி ஆண்டிதழ், தேர்வுப் பயிற்றி, காட்சிக் கலைப் பாடத்தின் இடுபணி. வேலை எதுவானாலும் ஒரு புகார் அடிக்கடி காதில் விழுகிறது: "டீச்சர், ஸ்க்ரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு! அச்சடிச்சா ஏன் இப்படி இருட்டா வருது?" பழி முதலில் பிரிண்டர் மேல் விழும். அடுத்து அச்சுக் கடைக்காரர் மேல் விழும். வேலை செய்த திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பல சமயங்களில் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மதிப்பீட்டாளர் பார்ப்பது அச்சிட்ட தாளை, அல்லது அவருடைய சொந்தத் திரையை. மாணவர் எந்தத் திரையில் உட்கார்ந்து வரைந்தார் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே வரைகலைக்கு வாங்கும் திரையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அழகை அல்ல. கோப்பில் இருக்கும் வண்ணத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டும் நேர்மையை. கடையில் பளிச்சென்று மின்னும் திரை எல்லாம் இந்தத் தேர்வில் தேறிவிடாது.

எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது, எதைப் பார்க்காமலே விட்டுவிடலாம் என்பதை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

1. திரைக்குள் என்ன நடக்கிறது?

இன்று நாம் வாங்கும் திரைகளில் பெரும்பாலானவை எல்.சி.டி. வகை, அதாவது திரவப் படிகத் திரை. திரவப் படிகத்தின் விந்தையான இயல்பை 1888-இல் முதலில் கவனித்துப் பதிவு செய்தவர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். அது கணினித் திரையாக மாற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது.

செயல்முறை எளிமையானது. திரையின் பின்புறம் எப்போதும் ஒரு வெள்ளை ஒளி எரிந்துகொண்டிருக்கும். இதைப் பின்னொளி என்கிறோம். அதற்கு முன்னால் திரவப் படிகப் படலம். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள். மின்னழுத்தம் மாறும்போது படிகம் திரும்பிக்கொள்ளும். அதற்கேற்ப ஒளி கூடுதலாகவோ குறைவாகவோ வெளியே வரும்.

பழைய பள்ளிக் கட்டடங்களில் இருக்கும் அடுக்குக் கண்ணாடிச் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சாய்த்தால் வெளிச்சம் குறையும், நிமிர்த்தினால் கூடும். அதே சன்னலை நேரே நின்று பார்ப்பதற்கும் கீழே உட்கார்ந்து பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? திரையிலும் இதேதான் நடக்கிறது. படிகம் எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே பேனல் வகைகள் பிரிகின்றன.

பேனல் என்பது திரையின் உயிர். வெளிச் சட்டம், தாங்கி, பொத்தான்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2. நான்கு வகைப் பேனல்கள்

அ) டி.என். பேனல்

இதன் அடிப்படை நுட்பத்துக்கு 1970-இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற இருவர் காப்புரிமை கோரினர். கைக்கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. விலை குறைவு, வேகம் அதிகம். மலிவு விலை மடிக்கணினிகளிலும் பழைய அலுவலகத் திரைகளிலும் இதுதான் இருக்கும்.

குறை எங்கே? கோணம். மேலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுக்கும். கீழிருந்து பார்த்தால் இருண்டு, சில இடங்களில் நிறமே தலைகீழாகத் தெரியும். நேராக உட்கார்ந்திருந்தாலும் சிக்கல் விடாது. நம் கண் திரையின் மேல் விளிம்பை ஒரு கோணத்திலும் கீழ் விளிம்பை இன்னொரு கோணத்திலும் பார்க்கிறது. அதனால் ஒரே சாம்பல் நிறம் மேலே கொஞ்சம் இருட்டாகவும் கீழே கொஞ்சம் வெளிறியும் தெரியும். ஜாலூர் கெமிலாங் கொடியின் கருநீலத்தை மாணவி சரியாகத்தான் அமைத்திருப்பாள். மடிக்கணினியின் மூடியை இரண்டு விரல் அளவு சாய்த்தாலே அது வேறு நீலமாகிவிடும். எந்த நீலத்தை நம்பி அவள் வேலை செய்வாள்?

மேலும், பல டி.என். பேனல்கள் ஒரு வண்ணத்துக்கு 6 பிட் மட்டுமே கொண்டவை. அது என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம். தட்டச்சு செய்ய, கணக்குப் பதிய டி.என். போதும். வரைகலைக்கு வேண்டாம்.

ஆ) வி.ஏ. பேனல்

இதன் பலம் கறுப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கான்ட்ராஸ்ட் என்கிறோம். வி.ஏ. பேனலில் இது 3000:1 அளவுக்கும் மேலும் இருக்கும். படம் பார்க்க அருமையாக இருக்கும். வளைந்த திரைகளில் பல இவ்வகையே.

ஆனால் நேரே பார்க்கும்போது கருமையான பகுதிகளில் உள்ள நுணுக்கம் அமுங்கிப்போகும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதே நுணுக்கம் எட்டிப்பார்க்கும். கறுப்பு முடியின் இழைகள், கரும்பட்டுச் சேலையின் மடிப்பு போன்றவற்றைத் திருத்துவோருக்கு இது தொல்லை. நிழல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தூரிகையை ஓட்ட வேண்டியிருக்கும். வளைந்த திரையில் நேர்கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் சொல்வதும் சிரமம். பக்க வடிவமைப்புக்குத் தட்டையான திரையே நல்லது.

இ) ஐ.பி.எஸ். பேனல்

டி.என். வகையின் கோணக் குறையைப் போக்கத்தான் இது வந்தது. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1996-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையான தளத்திலேயே திரும்புகின்றன, எழுந்து சாய்வதில்லை. அதனால் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் மேலிருந்து பார்த்தாலும் வண்ணம் பெரிதாக மாறாது. மூன்று மாணவர்கள் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்தாலும் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே படம் தெரியும். குழுப் பணிக்கு இது பெரிய வசதி.

இதற்கும் குறை உண்டு. கறுப்பு முழுக் கறுப்பாக இராது. கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் 1000:1 அளவில் நிற்கும். இருட்டறையில் பார்த்தால் மூலைகளில் ஒரு மங்கலான ஒளி தெரியும். அண்மைக் கால ஐ.பி.எஸ். பேனல்கள் சிலவற்றில் கான்ட்ராஸ்ட் 2000:1 வரை உயர்ந்திருக்கிறது. விளக்கெரியும் வகுப்பறையில் வேலை செய்பவருக்கு இந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல.

ஈ) ஓ.எல்.இ.டி. பேனல்

இதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே அணையும். எனவே கறுப்பு என்றால் உண்மையிலேயே கறுப்பு. கோணமும் நன்று, வண்ணமும் நன்று. அப்படியென்றால் இதையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம்.

மூன்று தடைகள். முதலாவது, விலை. இரண்டாவது, தழும்பு. ஒரே கருவிப்பட்டை, ஒரே பணிப்பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால், காலப்போக்கில் அதன் சுவடு திரையில் நிலைத்துவிடும் வாய்ப்பு உண்டு. வரைகலை மென்பொருள்களில் கருவிப்பட்டை நகர்வதே இல்லை. மூன்றாவது, துணைப் பிக்சல்களின் அடுக்கு முறை பல ஓ.எல்.இ.டி. திரைகளில் வேறாக இருப்பதால், சிறிய எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கசிவு தெரியலாம். பள்ளிப் பயன்பாட்டுக்கு இப்போதைக்கு இது அவசியமில்லை.

முடிவு: ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஐ.பி.எஸ். இது முதல் வடிகட்டி. இதைத் தாண்டாத திரையின் மற்ற விவரங்களைப் படிக்கவே வேண்டாம்.

3. "இது எல்.இ.டி. மானிட்டர்!" என்ற குழப்பம்

கடையில் "இது எல்.சி.டி. இல்லீங்க, எல்.இ.டி." என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணினித் திரைகளில் எல்.இ.டி. என்பது பின்னொளியின் பெயர் மட்டுமே. முன்பு பின்னொளிக்கு மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. பிறகு அந்த இடத்தை எல்.இ.டி. பிடித்தது. முன்னால் இருப்பது அதே திரவப் படிகம்தான். எல்.இ.டி. திரையின் பேனல் டி.என். ஆகவும் இருக்கலாம், ஐ.பி.எஸ். ஆகவும் இருக்கலாம். ஆகவே "எல்.இ.டி.யா?" என்று கேட்காதீர்கள், "பேனல் என்ன வகை?" என்று கேளுங்கள். எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு செய்தி, அறிவியல் மாணவர்களுக்காக. வெண்ணிற எல்.இ.டி. பெரும்பாலும் நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிச் செய்யப்படுவது. திறன்மிக்க நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

4. வண்ணப் பரப்பு: இரண்டாவது வடிகட்டி

எல்லா ஐ.பி.எஸ். திரைகளும் ஒன்றல்ல. ஒரு திரையால் எத்தனை விதமான வண்ணங்களைக் காட்ட முடியும் என்பதை வண்ணப் பரப்பு என்கிறோம். இதை அளக்கப் பொதுவான அளவுகோல்கள் மூன்று.

எஸ்.ஆர்.ஜி.பி.: 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. இணையப் படங்கள், வில்லைக் காட்சிகள், சாதாரண கேமராப் படங்கள் எல்லாம் இதை அடிப்படையாகக் கொண்டவை.

அடோபி ஆர்.ஜி.பி.: 1998-இல் வந்தது. பச்சை, பசுநீலப் பகுதிகளில் இன்னும் விரிந்தது. தரமான அச்சுக்குப் புகைப்படம் தயாரிப்போருக்கு உதவும்.

டி.சி.ஐ. பி3: திரைப்படத் துறையிலிருந்து வந்தது. காணொளி வேலைக்கு ஏற்றது.

பள்ளிப் பணிக்கு எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணப் பரப்பை 100 விழுக்காடு அல்லது அதற்கு மிக நெருக்கமாக எட்டும் திரை போதும். மலிவு மடிக்கணினிகளின் விவரத்தாளில் "45% என்.டி.எஸ்.சி." என்று போட்டிருப்பார்கள். அது எஸ்.ஆர்.ஜி.பி. பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தத் திரையில் சிவப்பு செங்கல் நிறமாக மங்கித் தெரியும். மாணவர் என்ன செய்வார்? சிவப்பைக் கூட்டுவார். இன்னும் கூட்டுவார். கடைசியில் மற்றவர் திரையில் அது கண்ணைக் குத்தும். "72% என்.டி.எஸ்.சி." என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. என்று கொள்ளலாம்.

"125% எஸ்.ஆர்.ஜி.பி." என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். அது பரப்பின் மொத்த அளவு. நமக்கு வேண்டியது, அந்தப் பரப்பு எஸ்.ஆர்.ஜி.பி. பரப்பை எவ்வளவு மூடுகிறது என்பது. மூடும் விழுக்காடு 100-ஐத் தாண்ட முடியாது. மேலும், விரிந்த பரப்புள்ள திரையில் வண்ண மேலாண்மை இல்லாத மென்பொருளைத் திறந்தால், சாதாரணப் படமும் மிகையான செறிவோடு தெரியும். அப்படிப்பட்ட திரை வாங்கினால் அதன் பட்டியலில் எஸ்.ஆர்.ஜி.பி. முறை இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பரப்போடு துல்லியமும் வேண்டும். காட்ட வேண்டிய வண்ணத்துக்கும் காட்டும் வண்ணத்துக்கும் உள்ள விலகலை டெல்டா ஈ என்ற எண் சொல்லும். 2-க்குக் கீழ் இருந்தால் விலகலைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். சில திரைகள் தொழிற்சாலையிலேயே சீரமைக்கப்பட்டு, அதற்கான அறிக்கைத் தாளோடு வரும். அந்தத் தாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

5. பிட் ஆழம்: கணினி அறிவியல் மாணவர்கள் கவனிக்க

ஒரு துணைப் பிக்சல் எத்தனை படிநிலைகளில் ஒளிரும் என்பதே பிட் ஆழம்.

6 பிட்: 2-இன் அடுக்கு 6 = 64 படிநிலை. மூன்று வண்ணத்துக்கும் சேர்த்து 64 × 64 × 64 = 262,144 வண்ணங்கள்.

8 பிட்: 256 படிநிலை. 256 × 256 × 256 = 16,777,216 வண்ணங்கள்.

10 பிட்: 1024 படிநிலை. நூறு கோடிக்கும் மேற்பட்ட வண்ணங்கள்.

6 பிட் பேனல்கள் இரண்டு அண்டை வண்ணங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, இல்லாத வண்ணம் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். பெட்டியில் "16.7 மில்லியன் வண்ணம்" என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது இதுவாக இருக்கலாம். அந்தி வானம், மெல்ல மங்கும் பின்னணி போன்றவற்றில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அதுவே அடையாளம். கோப்பில் அந்தக் கோடு இராது, திரைதான் போடுகிறது. 8 பிட் பேனலே நமக்குப் போதும்.

6. அளவும் பிக்சலும்: தமிழ் எழுத்துக்கு என்ன வேண்டும்?

பெரிய திரை என்றால் தெளிவான திரை என்று பொருளல்ல. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதே தெளிவைத் தீர்மானிக்கும்.

24 அங்குலம், 1920 × 1080: அங்குலத்துக்கு ஏறக்குறைய 92
27 அங்குலம், 1920 × 1080: ஏறக்குறைய 82
27 அங்குலம், 2560 × 1440: ஏறக்குறைய 109
27 அங்குலம், 3840 × 2160: ஏறக்குறைய 163

இரண்டாவது வரியைப் பாருங்கள். "27 அங்குலம், மலிவு விலை" என்று வருபவை பெரும்பாலும் இதுதான். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கிவிடும். தமிழ் தாங்காது. ண, ன வேறுபாடு சுழியில் இருக்கிறது. மெய்யெழுத்தின் அடையாளமே ஒரு சிறு புள்ளி. 10 புள்ளி அளவில் பயிற்றி தட்டச்சு செய்து, பக்கம் முழுவதையும் திரையில் அடக்கிப் பார்க்கும்போது, பிக்சல் போதாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ண்ண', 'ன்ன' பிழைகள் மெய்ப்புத் திருத்தத்தில் தப்பிப்போக இதுவும் ஒரு காரணம். பிழையோடு அச்சான பயிற்றியைப் படிக்கும் பிள்ளை அந்தப் பிழையைத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆகவே 24 அங்குலத்துக்கு 1920 × 1080 போதும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560 × 1440-க்குக் குறைய வேண்டாம்.

பயிற்றி தயாரிப்போருக்கு ஒரு கணக்கு. ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம். 16:9 விகித 24 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 11.8 அங்குலம். மென்பொருளின் பட்டைகளைக் கழித்தால் தாள் முழு அளவில் அடங்காது. 16:10 விகிதத்தில், அதாவது 1920 × 1200 திரையில், உயரம் 12.7 அங்குலம். இரண்டு ஏ4 பக்கங்கள் அருகருகே உண்மை அளவில் ஏறக்குறைய அடங்கும். ஆண்டிதழ் ஆசிரியர்கள் இதைத் தேடி வாங்கலாம். நிலைக்குத்தாகத் திருப்பக்கூடிய தாங்கியும் பக்க வடிவமைப்புக்கு உதவும். டி.என். திரையைத் திருப்பி வைத்தால் இடது கண்ணுக்கு ஒரு வண்ணம், வலது கண்ணுக்கு ஒரு வண்ணம் என்று ஆகிவிடும், ஐ.பி.எஸ். திரையில் அந்தத் தொல்லை இல்லை.

7. கண்டுகொள்ளாமல் விடக்கூடிய எண்கள்

144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ்: திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது. விளையாட்டுக்கு உதவும். அசையாத படத்துக்கு 60 ஹெர்ட்ஸ் போதும்.

1 மில்லி நொடி: பிக்சல் மாறும் வேகம். இதுவும் விளையாட்டுக்கே.

1,000,000:1 டைனமிக் கான்ட்ராஸ்ட்: காட்சிக்கேற்பப் பின்னொளியைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் எண். வரைகலைக்குப் பயனில்லை, இந்த வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பேனலின் இயல்பான கான்ட்ராஸ்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

"கேமிங் மானிட்டர் விலை அதிகம், அப்போ வரைகலைக்கும் நல்லாத்தானே இருக்கும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த விலையில் பெரும்பங்கு வேகத்துக்குப் போகிறது. நமக்கு வேண்டியது வண்ணம். அதே பணத்தில் வண்ணத் துல்லியமான திரை கிடைக்கும். ஏசுஸ் புரோஆர்ட், டெல் அல்ட்ராஷார்ப், ஈசோ கலர்எட்ஜ் போன்றவை வண்ண வேலையை மனத்தில் வைத்து வரும் வரிசைகள். பெயரை மட்டும் நம்பாமல் அந்தந்த மாடலின் விவரத்தாளைப் படிப்பது நல்லது.

8. வாங்கியபின் செய்ய வேண்டியவை

நல்ல திரை வாங்கியும் அச்சு இருட்டாக வந்தால், முதல் சந்தேகம் வெளிச்ச அளவின் மேல் விழ வேண்டும். புதுத் திரைகள் 250 முதல் 350 நிட் வரை ஒளிரக்கூடியவை; பெட்டியிலிருந்து எடுத்ததும் மிக வெளிச்சமாகவே இருக்கும். தாள் தானே ஒளிர்வதில்லை. அச்சு வேலைக்கு 100 முதல் 120 நிட் போதும். கருவி இல்லாதவர்கள், நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை தாளின் வெள்ளையோடு ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறைக்கலாம். இந்த ஒரு வேலையே பாதிப் புகாரைத் தீர்த்துவிடும். பழைய திரைக்கும் இது பொருந்தும், காசும் செலவில்லை.

அடுத்தவை:

வண்ண வெப்பநிலை 6500 கெல்வின், காமா 2.2 என்று அமையுங்கள்.

இரவில் திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு வசதியை வண்ண வேலையின்போது அணைத்து வையுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கம்பியில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால், வண்ண வீச்சு குறுகிய நிலையில் இருக்கலாம். கணினியின் காட்சி அமைப்பில் அதை முழு வீச்சுக்கு மாற்றுங்கள்.

பழைய வி.ஜி.ஏ. கம்பியைத் தவிருங்கள். எழுத்து மங்கும்.

சன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழாமல் வையுங்கள். பளபளப்புத் திரையைவிட மங்கல் பூச்சுத் திரையே வகுப்பறைக்கு ஏற்றது.

திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து வண்ணத்தைச் சரிபாருங்கள். அதற்குள் ஒளி நிலைப்பட்டிருக்கும்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் கண்ணால் பார்த்துச் சீரமைக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் திரையின் மேல் வைத்து அளக்கும் வண்ணமானி தேவை. ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. பள்ளிக்கு ஒன்று, அல்லது அண்டைப் பள்ளிகள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம்.

எவ்வளவு சீரமைத்தாலும் திரையும் தாளும் முழுக்க ஒன்றாகாது. திரை ஒளியைக் கூட்டி வண்ணம் செய்கிறது. அச்சு மையால் ஒளியைக் குறைத்து வண்ணம் செய்கிறது. மின்னும் பச்சை, அடர் நீலம் சிலவற்றை நான்கு மை அச்சால் கொண்டுவர முடியாது. எனவே இறுதிப் பணிக்கு முன் ஒரு பக்கம் மாதிரி அச்சு எடுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

9. கடையில் ஐந்து நிமிடச் சோதனை

லோ யாட் பிளாசாவோ, சிம் லிம் சதுக்கமோ, பக்கத்து ஊர்க் கடையோ, விரலியில் ஐந்து கோப்புகளை எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, திரை முழுக்க ஒரே வெளிர் சாம்பல். எழுந்து நின்று பாருங்கள், குனிந்து பாருங்கள், பக்கவாட்டில் நகருங்கள். நிறம் மாறினால் வேண்டாம். ஒளிராத அல்லது சதா ஒளிரும் பிக்சல் இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் படம். பட்டை விழுகிறதா?

மூன்று, இருளில் எடுத்த புகைப்படம். நிழலுக்குள் உருவம் தெரிகிறதா?

நான்கு, 10 புள்ளி அளவில் ஒரு பக்கத் தமிழ். புள்ளிகளைத் தனித்தனியே எண்ண முடிகிறதா?

ஐந்து, ஏற்கெனவே நல்ல அச்சுக் கிடைத்த ஒரு படம். அச்சுத் தாளையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணையத்தில் வாங்குவோர் பேனல் வகை, வண்ணப் பரப்பு, பிட் ஆழம் மூன்றையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழுதான பிக்சலுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

10. யாருக்கு எது?

மலிவு மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்: புதுக் கணினி வேண்டாம். 24 அங்குல ஐ.பி.எஸ். வெளித்திரை ஒன்றை இணைத்துக்கொண்டால் போதும். அதற்கும் வசதி இல்லையென்றால், மூடியின் கோணத்தை மாற்றாமல் வேலை செய்யுங்கள். வண்ணத்தை எண்ணால் குறித்து வையுங்கள். சிவப்பு 255, பச்சை 204, நீலம் 0 என்று கோப்பில் எழுதிய மஞ்சள் எந்தத் திரையிலும் அதே எண்தான். மாதிரி அச்சைக் கட்டாயம் எடுங்கள்.

பயிற்றியும் ஆண்டிதழும் தயாரிக்கும் ஆசிரியர்: 24 அங்குலம் 1920 × 1200, அல்லது 27 அங்குலம் 2560 × 1440, ஐ.பி.எஸ்., முழு எஸ்.ஆர்.ஜி.பி., உயரம் மாற்றும் தாங்கி.

பள்ளிக் கணினி அறை: எல்லாத் திரையையும் ஒரே நேரத்தில் மாற்ற ஒதுக்கீடு கிடைப்பது அரிது. இரண்டு திரைகளை மட்டும் நல்லதாக வாங்கி, "இறுதிச் சரிபார்ப்புத் திரை" என்று ஒட்டி வையுங்கள். மற்றத் திரைகளில் வரையட்டும். ஒப்படைக்கும் முன் எல்லாரும் இதில் ஒருமுறை பார்க்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கும்போது, இருபது திரை என்று கேட்பதைவிட இரண்டு என்று கேட்பது எளிது. இடி மின்னல் மிகுந்த நம் ஊரில் மின்பாய்ச்சல் தடுப்புள்ள மின்செருகியும் சேர்த்து வாங்குவது நல்லது.

தேர்வு மாணவர்களுக்குச் சில வினா விடை

வினா: 300 டி.பி.ஐ. அளவில் ஏ4 படம் 2480 × 3508 பிக்சல். நிற ஆழம் 24 பிட். சுருக்காத கோப்பின் அளவு என்ன?
விடை: 2480 × 3508 = 8,699,840 பிக்சல். 24 பிட் என்பது 3 பைட். 8,699,840 × 3 = 26,099,520 பைட். 1,048,576-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24.9 மெகாபைட்.

வினா: அந்தப் படத்தை 1920 × 1080 திரை முழு அளவில் காட்டுமா?
விடை: காட்டாது. அந்தத் திரையில் 2,073,600 பிக்சல்களே உள்ளன. மென்பொருள் படத்தைச் சுருக்கிக் காட்டும். நுணுக்கம் பார்க்க 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும்.

வினா: டி.என்., ஐ.பி.எஸ். பேனல்களின் முதன்மை வேறுபாடு என்ன?
விடை: பார்க்கும் கோணம் மாறும்போது டி.என். பேனலில் வண்ணம் மாறும், ஐ.பி.எஸ். பேனலில் பெரிதாக மாறாது. காரணம், ஐ.பி.எஸ். பேனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையான தளத்தில் திரும்புகின்றன.

வினா: திரையில் உள்ள வண்ணம் அச்சில் அப்படியே வராதது ஏன்?
விடை: திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டுகிறது. அச்சு பசுநீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு மைகளால் ஒளியைக் குறைக்கிறது. இரண்டின் வண்ணப் பரப்பும் வேறு.

வாங்கப் போகும் முன் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பேனல் ஐ.பி.எஸ்., வண்ணப் பரப்பு முழு எஸ்.ஆர்.ஜி.பி., 8 பிட், அளவுக்கேற்ற பிக்சல், பிறகு தாங்கியும் கம்பியும். வேகம், வளைவு, விளக்கு அலங்காரம் எல்லாம் கடைசி. ஏற்கெனவே திரை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்த இடுபணியின் அச்சில் வேறுபாடு தெரியும்.